பன்னிரண்டில் ஏழு

கிராஃப் தாளின் அடியில் ஒரு கிடைக்கோடு. அதன் மேல் இரண்டு செங்குத்துக் கோடுகள். அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருந்தாலும் பரவாயில்லை. முதல் கோட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், இரண்டாவதன் உயரம் 4.7. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்கு ஒரு சாய்கோடு இழுத்தால், சாய்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் 3.2 சென்டிமீட்டர் உயரத்துக்கு மயிரிழை கீழே விழும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்க இணைப்பில் சேர்த்தால் கிடைக்கும் தொகுபயன் மின்தடை அதுதான்: 3.197 கிலோ ஓம்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில், பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்தவர்களிடம் இப்படிச் சில வழிகள் இருந்தன. ஸ்லைடு ரூல் வைத்திருந்தவர் அதன் தலைகீழ் அளவுகோலில் இரண்டு மின்தடைகளின் தலைகீழிகளையும் படித்துக் கூட்டி, வந்ததை மறுபடி தலைகீழாக்கினார். மற்றவர்கள் லாகரிதம் அட்டவணையைப் புரட்டினார்கள். அல்லது பெருக்கி, கூட்டி, வகுத்தார்கள். ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் எச்.பி.-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டர் 1972-இல் வந்தபோது அதன் விலை 395 டாலர். நம் ஊர் மாணவர்களுக்கு அது படத்தில் மட்டும் பார்த்த பொருள். இன்று அதே கணக்கைக் கைபேசி விரல் எடுக்கும் முன் முடித்துவிடுகிறது. விடையும் 3.197278912 என்று ஒன்பது தசம இடங்களோடு வருகிறது.

அன்று இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்ததற்கு முதற்காரணம் பற்றாக்குறை. வரைபடம் ஒரு மதிப்பைக் கேட்கும். டப்பாவில் இருப்பது வேறாக இருக்கும். டப்பாவில் இருந்தவற்றில் பாதி, பழைய ரேடியோப் பெட்டிகளிலிருந்து கழற்றியவை. கடையில் வாங்கினாலும் கிடைத்த வரிசை குறுகியது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1952-இல் வெளியிட்ட தர வரிசைகளில், 10 சதவீதப் பிழை வரம்பு கொண்ட ரெசிஸ்டர்களுக்கு ஒவ்வொரு பத்து மடங்குக்கும் பன்னிரண்டு மதிப்புகளே உண்டு: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இடையில் ஒன்று வேண்டுமென்றால் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு கைப்பழக்கம் இருந்தது. தேவைக்குச் சற்று மேலே உள்ள ரெசிஸ்டரை எடுத்து, அதைப் போல் பத்து மடங்கு பெரியதொன்றைப் பக்கத்தில் சேர்த்தால் மதிப்பு ஏறத்தாழ 9 சதவீதம் இறங்கும். இருபது மடங்கு பெரியதைச் சேர்த்தால் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். தேவைக்குச் சற்றுக் கீழே உள்ளதை ஏற்றுவதற்கு, சிறியதொன்றைத் தொடரில் சேர்த்தால் போதும். அதற்கும் வழியில்லாதபோது கார்பன் கலவை ரெசிஸ்டரின் உடலை அரத்தால் மெல்ல ராவி, மீட்டரில் பார்த்துப் பார்த்து ஏற்றி, ராவிய இடத்தில் வார்னிஷ் பூசிவிடுவதும் உண்டு. ராவினால் மின்னோட்டம் போகும் குறுக்குப் பரப்பு குறைகிறது, மின்தடை கூடுகிறது. பள்ளியில் சூத்திரமாகப் படித்தது, விரல் நுனியில் கரித்தூளாக ஒட்டிக்கொண்டது.

இன்று சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனாலும், இணையத்தில் வரவழைத்தாலும், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பல மதிப்புகளில் கலந்த பொட்டலமாகவே கிடைக்கின்றன. அந்தத் துல்லியத்துக்கான வரிசையில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 96 மதிப்புகள். 3.2 கிலோ ஓம் வேண்டுமென்றால் 3.16-உம் 3.24-உம் நேரடியாகவே இருக்கின்றன. இரண்டைச் சேர்த்து ஒன்றை உண்டாக்கும் வேலை பெரும்பாலும் இல்லாமலே போய்விட்டது.

பிழை வரம்பைக் கணக்கில் எடுத்தால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் சரியாகத் தெரிகிறது. பழைய ரெசிஸ்டரில் நான்காவது வண்ணப்பட்டை வெள்ளியானால் 10 சதவீதம், தங்கமானால் 5 சதவீதம், பட்டையே இல்லாவிட்டால் 20 சதவீதம். அதற்கும் முந்தைய செட்டுகளில் பட்டையே கிடையாது. உடலின் நிறம் முதல் இலக்கம், முனையின் நிறம் இரண்டாவது இலக்கம், நடுவில் இட்ட புள்ளி எத்தனை சுழியம் என்பது. 20 சதவீத ரெசிஸ்டர்களில் 10 கிலோவையும் 4.7 கிலோவையும் பக்கத்தில் சேர்த்தால், 3.197 என்று நாம் போட்ட கணக்கின் உண்மை விடை 2.56-க்கும் 3.84-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். 1 சதவீத ரெசிஸ்டர்களில் அது 3.165-க்கும் 3.229-க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. ஈரத்தாலும், பற்றவைக்கும் சூட்டினாலும், வயதாலும் கார்பன் கலவை ரெசிஸ்டர்களின் மதிப்பு நகர்ந்தது வேறு.

அதாவது, அன்று மூன்று இலக்கம் வரை கவனமாகப் போட்ட கணக்கு, அது எந்தப் பொருளுக்காகப் போடப்பட்டதோ அந்தப் பொருளைவிடத் துல்லியமாக இருந்தது. இன்று பொருள் துல்லியமாகிவிட்டது. கணக்கைக் கையால் போடுபவர் அரிது. கணக்கும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்தும் காலம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாளில் எழுதிய விடையை மீட்டர் அப்படியே திருப்பிச் சொல்லும் மகிழ்ச்சி, முள் மீட்டர் வைத்திருந்த தலைமுறைக்கு இந்த அளவில் கிடைக்கவில்லை.

முள் மீட்டரில் ஓம் அளவுகோல் வலப்பக்கம் சுழியத்தில் தொடங்கி இடப்பக்கம் முடிவிலியில் முடியும். வலப்புறம் கோடுகள் அகலமாக நிற்கும். இடப்புறம் போகப்போக நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு முறை ரேஞ்ச் மாற்றும்போதும் இரண்டு புரோப்களையும் தொட்டுப் பிடித்து, குமிழைத் திருகி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே இருக்கும் செல் தளர்ந்தால் அந்தச் சுழியமும் எட்டாது. 3.197 என்ற எண்ணை அதில் படிக்க வழியில்லை. 3-க்கும் 4-க்கும் நடுவில், 3-க்கு அருகே என்பதுதான் படிப்பு. இங்கிலாந்தின் ஆவோ மீட்டர் எட்டாம் மாடல் 1951-இல் வந்து 2008 வரை உற்பத்தியில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த முள் எவ்வளவு நீண்ட காலம் நம்பிக்கைக்குரியதாக இருந்தது என்பது புரியும். இன்றைய மலிவான மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர்கூட 20 கிலோ ரேஞ்சில் 3.20 என்று பத்து ஓம் அளவுக்குக் காட்டிவிடும்.

மாறாதவையும் உண்டு. இரண்டு புரோப் முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை அளந்தால், நம் உடலும் ஒரு ரெசிஸ்டராகப் பக்கத்தில் சேர்ந்துவிடும், படிப்பு குறையும். சுற்றில் பற்றவைத்த நிலையிலேயே ஒரு ரெசிஸ்டரை அளந்தால் மீட்டர் காட்டுவது அந்த ஒன்றின் மதிப்பை அல்ல, அதனோடு சேர்ந்த வலைப்பின்னல் முழுவதன் தொகுபயன் மதிப்பை. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் முதலில் ரெசிஸ்டரின் ஒரு காலைப் பற்றுக்கோலால் தூக்கிவிட்டு அளந்தார்கள். இன்று 0402 என்ற அளவுள்ள ரெசிஸ்டரின் நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். தூக்குவதற்குக் காலே இல்லை. பலகையில் இருக்கும்போதே அளந்து, வந்த எண்ணிலிருந்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பழைய விதி இன்றும் கைகொடுக்கிறது: பக்கத்தில் எது சேர்ந்தாலும் மின்தடை குறையுமே தவிர கூடாது. ஆகவே மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டத்தையும் போக்கிவிட்டு அளக்கும்போது, எழுதியிருக்கும் மதிப்பைவிடப் படிப்பு கூடுதலாக வந்தால் ரெசிஸ்டர் கெட்டுப்போயிருக்கிறது. குறைவாக வந்தால் எதுவும் சொல்ல முடியாது.

வால்வு ரேடியோக் காலத்தின் மிக முக்கியமான மின்தடைக் கணக்கு ஒரே தொடர் இணைப்பில் இருந்தது. ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எல்லா வால்வுகளின் ஹீட்டர்களையும் வரிசையாகத் தொடரில் கோர்த்து மெயின்ஸிலேயே இணைத்துவிடுவார்கள். யூ.சி.எச்.42-க்கு 14 வோல்ட், யூ.எஃப்.41-க்கு 12.6, யூ.பி.சி.41-க்கு 14, யூ.எல்.41-க்கு 45, யூ.ஒய்.41-க்கு 31. எல்லாம் 100 மில்லி ஆம்பியர். கூட்டினால் 116.6 வோல்ட். 230 வோல்ட் மெயின்ஸில் மீதி 113.4 வோல்ட்டைத் தின்ன ஒரு டிராப்பர் ரெசிஸ்டர் வேண்டும்: 1134 ஓம், 11 வாட்டுக்கு மேல். அது எரிந்து போய், அதே டிராப்பர் கிடைக்காவிட்டால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டைப் பக்கத்தில் போட்டால் 1100 ஓம். மின்னோட்டம் 100-க்குப் பதில் சுமார் 101 மில்லி ஆம்பியர் போகும். வால்வு பொறுத்துக்கொள்ளும். சூடும் இரண்டு உடல்களில் பிரிந்துவிடும். இப்படிப் போட்ட கணக்கு தப்பினால் அறையில் புகை வந்தது. மின்தடையை வெப்பமாகவே உணர்ந்த தலைமுறை அது. இன்று பொழுதுபோக்குச் சுற்றுகள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஓடுகின்றன. தப்பினால் பெரும்பாலும் ஒரு எல்.இ.டி. மங்கலாக எரியும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான சேசிஸ் இல்லாமல் போனது, என் கணிப்பில், இந்தப் பொழுதுபோக்குக்குக் கிடைத்த ஆகப்பெரிய நன்மை.

ஆனால் தொடரும் பக்கமும் கணக்கின் தொடக்கம் மட்டுமே. மனத்தை ஈர்த்தவை அவ்விரண்டிலும் அடங்காத வலைப்பின்னல்கள். அவற்றில் புகழ்பெற்றது கனசதுரம்: பன்னிரண்டு விளிம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரே மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே தொகுபயன் மின்தடை என்ன? மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலிலும் இந்தக் கணக்கு உண்டு. எந்த இரண்டும் நேராகத் தொடரிலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. கிர்க்காஃப் விதிகளை எழுதத் தொடங்கினால் சமன்பாடுகள் தாளை நிறைத்துவிடும். கையால் போட்டவர்களுக்கு அந்தப் பாரம் தாங்காது என்பதனாலேயே வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது: வடிவத்தை.

மூலையில் நுழையும் மின்னோட்டத்துக்கு முன் மூன்று விளிம்புகள், மூன்றும் ஒன்றுபோல. ஆகவே மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொன்றிலும் போகும். ஒவ்வொன்றும் அடுத்த மூலையில் இரண்டாகப் பிரியும்: ஆறில் ஒரு பங்கு. பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்து மறுபடி மூன்றில் ஒரு பங்காகி எதிர்மூலையை அடையும். ஒரு பாதையின் வழியே மின்னழுத்த வீழ்ச்சியைக் கூட்டினால் மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று. மொத்தம் ஆறில் ஐந்து. சமன்பாடே தேவைப்படவில்லை. இதை முதல் முறையாகப் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இயற்பியல் ஏன் கற்பிக்கப்படுகிறது என்று கேட்கத் தோன்றாது.

ஒரே விளிம்பின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால்? அங்கே சமச்சீர் அத்தனை எளிதாகக் கைகொடுக்காது. சம மின்னழுத்தமுள்ள புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, படத்தைத் திரும்ப வரைய வேண்டும். அப்படி வரைந்து குறைத்து வந்தால் விடை பன்னிரண்டில் ஏழு. இதற்குள் இன்னொரு அழகு ஒளிந்திருக்கிறது. ரொனால்ட் ஃபாஸ்டர் 1949-இல் நிறுவிய ஒரு தேற்றத்தின்படி, எல்லா ரெசிஸ்டர்களும் 1 ஓம் ஆன வலைப்பின்னலில், ஒவ்வொரு விளிம்பின் முனைகளுக்கும் இடையே உள்ள தொகுபயன் மின்தடைகளைக் கூட்டினால், மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக வரும். கனசதுரத்துக்கு எட்டு மூலைகள், கூட்டுத்தொகை ஏழு. பன்னிரண்டு விளிம்புகளும் ஒன்றுபோல. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் ஏழு. படம்கூட வரைய வேண்டாம்.

இதே கேள்வியை இன்று ஒரு மாணவி கணினியில் போட்டால் பன்னிரண்டு வரிகள் தட்டச்சு செய்வாள். ஒவ்வொரு வரியிலும் ரெசிஸ்டரின் பெயர், இரண்டு புள்ளிகளின் எண், மதிப்பு. ஒரு முனையைச் சுழியம் என்று குறித்து, மறுமுனைக்கு 1 ஆம்பியர் மின்னோட்ட மூலத்தை இணைப்பாள். அங்கே வரும் மின்னழுத்தமே மின்தடை. திரையில் 0.583333 என்று நிற்கும். விடை சரி, பிழையே இல்லை. அந்த எண்ணுக்குள் பன்னிரண்டில் ஏழு இருக்கிறது என்பதையும், ஏழு எங்கிருந்து வந்தது, பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்பதையும் திரை சொல்வதில்லை. கேட்டால்தானே சொல்லும்; கேட்க வேண்டும் என்ற தேவையை அது விட்டுவைக்கவில்லை. நான் இழப்பு என்று சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான்.

அந்தக் கணினி நிரல் எளிய வம்சத்தில் பிறந்ததல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் 1973-இல் வெளியானது. அப்போது அது துளை அட்டைகளை விழுங்கும் பெரிய கணினிகளில் ஓடியது. ஒருங்கிணைந்த சுற்றுகளை வடிவமைப்பவர்களுக்கானது. லீனியர் டெக்னாலஜி நிறுவனம் 1999 முதல் எல்.டி.ஸ்பைஸை இலவசமாகக் கொடுத்தது. பால் ஃபால்ஸ்டாட் எழுதிய சுற்று நிரல் உலாவியிலேயே ஓடுகிறது; கம்பிகளில் மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டத்தினர் இ-சிம் என்ற நிரலைக் கட்டற்ற மென்பொருளாகத் தருகிறார்கள். பெரிய ஆய்வகங்கள் மட்டும் வைத்திருந்த கருவி இன்று மாவட்டத் தலைநகருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக் விடுதியில், ஒரு பழைய மடிக்கணினியில் ஓடுகிறது. இதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

பழைய முறையின் குறையையும் நேராகச் சொல்ல வேண்டும். அன்றைய நூல்களில் இருந்தவை, கையால் தீர்க்கத் தகுந்த வலைப்பின்னல்கள் மட்டுமே. எல்லாம் சமமான ரெசிஸ்டர்கள், அல்லது சமன் செய்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று. சமன் ஆகாத சுற்று வந்தால் ஸ்டார்-டெல்டா மாற்றம் வேண்டும். அதை 1899-இல் வெளியிட்ட ஆர்தர் கென்னெலி பம்பாயின் கொலாபாவில் 1861-இல் பிறந்தவர். அவருடைய சூத்திரங்கள் மூன்றையும் மனப்பாடம் செய்திருந்தவர்கூட, மதிப்புகள் ஒழுங்கற்று இருந்தால் பெருமூச்சு விட்டுத்தான் தொடங்கினார். பத்துப் புள்ளிகள், இருபது ரெசிஸ்டர்கள், எதுவும் ஒன்றுபோல இல்லை என்றால் விட்டுவிட்டார். கணினிக்கு ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒன்றே. நம் கண் பழகியது சில அழகிய வடிவங்களில் மட்டும். உலகில் உள்ள சுற்றுகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை.

அந்தக் கைக்கணக்குக்காரர்களிடம் இருந்த இன்னொரு பழக்கத்தை மட்டும் நான் இன்றைய மாணவர்களுக்கு விடாமல் சொல்கிறேன். ஒரு சமனச்சுற்றை எடுத்துக்கொள்வோம்: மேல் வழியில் 1 ஓம், பிறகு 2 ஓம், கீழ் வழியில் 2 ஓம், பிறகு 1 ஓம், நடுவில் இரண்டு வழிகளையும் இணைக்கும் குறுக்கு ரெசிஸ்டர் 1 ஓம். சரியான விடை 1.4 ஓம். அதைக் கண்டுபிடிக்கும் முன், குறுக்கு ரெசிஸ்டரை மனத்தில் அறுத்துவிட வேண்டும்: 3 ஓமும் 3 ஓமும் பக்கத்தில், 1.5. பிறகு அதே இடத்தில் வெறும் கம்பியைப் போட வேண்டும்: ஒன்றும் இரண்டும் பக்கத்தில், அப்படி இரண்டு ஜோடிகள் தொடரில், 1.333. உண்மை விடை இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நின்று 1.42 என்று எடுத்தால், தவறு எந்தப் பக்கமும் 7 சதவீதத்தைத் தாண்டாது. 20 சதவீத ரெசிஸ்டர்கள் இருந்த காலத்தில் அதற்கு மேல் கணக்குப் போடத் தேவையே இருக்கவில்லை. திரையில் 14 என்றோ 0.14 என்றோ வந்தால், எங்கோ ஒரு புள்ளியின் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறோம் என்று இன்றும் உடனே தெரிந்துவிடும்.

முடிவில்லாத ஏணி இன்னொரு பழைய நண்பன். 1 ஓம் தொடரில், 1 ஓம் பக்கத்தில், மறுபடி 1 ஓம் தொடரில் என்று முடிவின்றிப் போகும் ஏணியின் தொகுபயன் மின்தடை 1.618, அதாவது தங்க விகிதம். ஏணியின் முன்னால் ஒரு படியைச் சேர்த்தாலும் ஏணி மாறாது என்ற ஒரே எண்ணத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். படிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் 2, பிறகு 5/3, பிறகு 13/8, பிறகு 34/21 என்று ஃபிபொனாச்சி எண்கள் வரிசையாக வெளிவரும். நாலாவது படியிலேயே 1.619. அன்றைய ரெசிஸ்டர்களால் இதைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு 1.4-ஓ 1.8-ஓ கிடைத்திருக்கக்கூடும், தங்க விகிதம் தாளில் மட்டும் இருந்தது. இன்று 1 சதவீத ரெசிஸ்டர்கள் எட்டை பிரெட்போர்டில் செருகினால், அதைச் சற்று நல்ல மீட்டரில் படித்துவிடலாம். 1 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் எடுப்பது நல்லது. புரோப் வயர்களின் மின்தடை குறுக்கே வராது.

ஏணி வெறும் புதிராக நின்றுவிடவில்லை. தொடரில் ஆர், பக்கத்தில் இரண்டு ஆர் என்று அமைத்த ஏணியின் கடைசியில் இரண்டு ஆர் ஒன்றை வைத்தால், கடைசிப் புள்ளியில் இரண்டு ஆரும் இரண்டு ஆரும் பக்கத்தில் சேர்ந்து ஆர் ஆகும்; முன்னால் உள்ள ஆருடன் தொடரில் இரண்டு ஆர் ஆகும்; அடுத்த புள்ளியில் மறுபடி அதே கதை. எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் காட்சி மாறாது என்பதால் ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தம் சரிபாதியாகிறது. 1980-களின் பிற்பகுதியில், கணினியின் பிரிண்டர் போர்ட்டில் இத்தகைய ஏணியைக் கட்டி இசை கேட்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். எட்டு பிட்டுக்கு எட்டு இரண்டு ஆரும், முடிவுக்கு ஒன்றும், ஏழு ஆரும். மேல் பிட்டுகளில் 256-இல் ஒரு பங்குக்கு மேல் பிழை கூடாது. ஆகவே ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப் போகிறவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். இன்று அந்த ஏணி சில்லுக்குள் போய்விட்டது. பொறுக்கி எடுக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது.

தொடர் இணைப்பின் கூட்டல் இன்று ஆர்டுயினோ பலகைகளுக்கு மேல் செருகும் எல்.சி.டி. கீபேட் ஷீல்டில் வேறு வேடத்தில் இருக்கிறது. ஐந்து பொத்தான்கள், ஒரே ஒரு அனலாக் முனை. 5 வோல்ட்டிலிருந்து 2 கிலோ ஓம் இறங்குகிறது. பிறகு 330, 620, 1000, 3300 ஓம்கள் தொடரில். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதுவரை உள்ள மின்தடைகள் மட்டும் கூடும்: 0, 330, 950, 1950, 5250. பலகை படிக்கும் எண்கள் ஏறத்தாழ 0, 145, 329, 505, 741. டிராப்பர் ரெசிஸ்டருக்காக ஹீட்டர் வோல்ட்டுகளைக் கூட்டிய அதே கூட்டல். அன்று வெப்பமாக முடிந்தது, இன்று எந்தப் பொத்தான் என்ற செய்தியாக முடிகிறது. ஆனால் பெரும்பாலோர் அந்த ஐந்து எண்களையும் ஆயத்த நிரலிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். வேறு ஒரு தயாரிப்பில் ரெசிஸ்டர் மதிப்பு சற்று மாறியிருந்தால் பொத்தான்கள் இடம் மாறி வேலை செய்கின்றன. காரணம் புரியாமல் பலகையையே மாற்றுகிறார்கள். ஒரு பென்சிலும் ஒரு வகுத்தலும் போதும்.

வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் கதையைச் சொல்லாமல் இது முடியாது. சாமுவேல் கிறிஸ்டி 1833-இல் விவரித்து, சார்லஸ் வீட்ஸ்டோன் 1843-இல் புகழ்பெறச் செய்த அது, தெரியாத மின்தடையைக் கண்டுபிடிக்கும் கருவி. நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் ஒரு மீட்டர் நீளக் கம்பியாக அது இன்றும் மேசை மேல் இருக்கிறது. கம்பியின் மேல் தொடுசாவியை நகர்த்தி, கால்வனாமீட்டரின் முள் அசையாத இடத்தைத் தேடுவார்கள். அசையாமைதான் அளவு. இன்றைய பொழுதுபோக்காளர் வாங்கும் எடைக்கருவியின் லோடு செல்லுக்குள் அதே நான்கு ரெசிஸ்டர்கள், அலுமினியக் கட்டையில் ஒட்டிய மெல்லிய ஸ்ட்ரெயின் கேஜ்களாக இருக்கின்றன. கட்டை வளைந்தால் சமன் கெடும். அந்தக் கேட்டையே எச்.எக்ஸ்.711 என்ற 24 பிட் சில்லு படித்து எடையாக மாற்றுகிறது. அன்று சமனைத் தேடினோம். இன்று சமன் குலைவதைப் படிக்கிறோம். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் வெளிவருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை முள்ளால் காட்டிய காலத்தில் வீட்டு மேசையில் ஒரு கிராமை நிறுப்பது எண்ணிப் பார்க்க முடியாத காரியம்.

லோடு செல்லிலிருந்து நான்கு வயர்கள் வருகின்றன. பழைய கருவியிலிருந்து கழற்றியதானால் நிறங்களை நம்ப முடியாது. எது மின்சாரம் கொடுக்க வேண்டிய ஜோடி, எது செய்தி வெளிவரும் ஜோடி என்று எந்த நிரலும் சொல்லாது. மீட்டரை எடுத்து ஆறு ஜோடிகளையும் அளக்க வேண்டும். நான்கு கேஜ்களும் 1000 ஓம் என்று கொள்வோம். எதிரெதிர் முனைகளுக்கு இடையே 2000-உம் 2000-உம் பக்கத்தில் வருகின்றன: 1000. அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே 1000-உம் 3000-உம் பக்கத்தில்: 750. ஆறில் நான்கு ஜோடிகள் 750-ஐ ஒட்டியும், இரண்டு ஜோடிகள் 1000-ஐ ஒட்டியும் காட்டும். அந்த இரண்டும்தான் எதிரெதிர் ஜோடிகள். பல செல்களில் மின்சாரம் நுழையும் பக்கம் வெப்பநிலை ஈடுகட்ட ஒரு சிறிய ரெசிஸ்டரைச் சேர்த்திருப்பார்கள். ஆகவே இரண்டில் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதை உள்ளே செலுத்தும் ஜோடியாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு இணைத்து, கட்டையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எண் ஏறினால் வயர்கள் சரி. இறங்கினால் வெளிவரும் இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.